மருந்து ஜன்னலில் கேட்ட கேள்விகள்: மனச்சோர்வும் அதற்கான சிகிச்சையும்

அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் மனநலப் பிரிவின் சீட்டுகள் வரும் ஜன்னலில் இருந்தேன். மருத்துவரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் மக்கள் அங்கே குனிந்து, பின்னால் நிற்பவருக்குக் காதில் விழாதபடி கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் அதே கேள்விகள்தான். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்களை நேரில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இப்போது இருந்தால், மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

டிப்ரஷன் என்றால் மன அழுத்தமா, மனச்சோர்வா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

நாளிதழ்களே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதால் வந்த குழப்பம் இது. மன அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் நெருக்கடியின் பாரம்: கடன் தவணை, மேலதிகாரி, பரீட்சை. பாரம் இறங்கினால் ஆளும் நிமிர்ந்துவிடுவார். பாரம் இறங்கிய பிறகும் நிமிர முடியாமல் போவதைத்தான் இங்கே மனச்சோர்வு என்கிறேன். கடன் முழுவதும் அடைந்த பிறகும் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவரை எனக்குத் தெரியும். அழுத்தம் நீண்டுகொண்டே போனால் சோர்வில் கொண்டுபோய் விடலாம். சொல்லும்படியான காரணம் ஒன்றுமே இல்லாமலும் சோர்வு வரலாம்.

கவலை எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு இருப்பது நோய்தான் என்று எப்படித் தெரியும்?

மருத்துவர்கள் நாள் கணக்குப் பார்க்கிறார்கள். இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும். அந்தக் காலத்தில் மனம் கனத்தே கிடக்கிறதா, அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசியும் எடையும் மாறுவது, வேலை செய்யாமலே களைப்பு, கவனம் நிற்காமை, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, செத்தால் தேவலை என்ற நினைப்பு. மொத்தம் ஒன்பது. இவற்றில் குறைந்தது ஐந்து சேர்ந்திருந்து, அதனால் வீட்டு வேலையோ பிழைப்போ கெடுகிறது என்றால் நோய் என்ற கணக்கில் வைக்கிறார்கள்.

ஜன்னலில் நான் அதிகம் கேட்டவை இரண்டு. ஒன்று, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமே இல்லை என்பது. இவர்களில் பலருக்குக் காலையில் மோசமாக இருந்து சாயங்காலம் சற்றுத் தேறும். "பொழுது விடிந்தாலே பயமாக இருக்கிறது" என்பார்கள். இன்னொன்று, "எதுவுமே தோன்றவில்லை" என்பது. பேரன் பிறந்த செய்தி வந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை என்று ஒரு பெரியவர் வெட்கப்பட்டுச் சொன்னார். அவர் ஒரு நாளும் அழுததில்லை. அழுகை வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. நினைத்தால் அழுகை வருகிறது. இதற்கும் மாத்திரையா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. துக்கம் அலை அலையாக வரும். நடுவே பழைய கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். அம்மாவை நினைத்து அழுவது துக்கம். அம்மாவை நான்தான் கொன்றேன் என்று இரவு பகலாகச் சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால், நாற்பது நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அழைத்துப் போங்கள்.

எனக்கு மனத்தில் ஒன்றும் இல்லை. உடம்புதான் வலிக்கிறது, வாயு, தலைபாரம். எதற்கு மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள்?

சீட்டைக் காட்டிக் கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் பெயரில்தான் வருகிறது. "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் குறைவு. நெஞ்சு அடைப்பு, உச்சந்தலை எரிச்சல், கழுத்து இறுக்கம், கை கால் அசதி, பசி இல்லை என்றுதான் வருவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூக்கத்தையும் பசியையும் வலியையும் நடத்துவது அதே மூளைதான். அதன் ஓட்டம் மாறினால் சாதாரணமாக உறைக்காத வலியும் உறைக்கிறது.

ஆகவே முதலில் நெஞ்சு வலிக்கு ஈ.சி.ஜி., வயிற்றுக்கு ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்று வரும். ஆனால் வலி போகாது. வேறு மருத்துவமனை, மறுபடி ஸ்கேன். இப்படி இரண்டு வருடம் சுற்றிவிட்டு, தடித்த ஒரு கோப்போடு வந்தவர்கள் எத்தனையோ பேர். உங்களை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தவர் உங்கள் வலியைத் தள்ளிவிட்டார் என்று எண்ணாதீர்கள். ஒருவேளை முதன்முறையாகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

மனச்சோர்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனாலும் ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவை அச்சு அசலாக இதே மாதிரி அசதியைத் தரும். அவற்றுக்கு வேறு மருத்துவம். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையை மாற்றும் என்பதால், ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். "மஞ்சள் மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அந்த வேதனை எனக்குத் தெரியும்.

கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. பி.எச்.க்யூ-9 என்பார்கள். மேலே சொன்ன அதே ஒன்பது அடையாளங்களுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அது வெறும் அளவுகோல்தான். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

என் கணவர் அழுவதும் இல்லை, படுத்துக் கிடப்பதும் இல்லை. எரிந்து எரிந்து விழுகிறார், குடிக்கிறார். இதுவும் அதுதானா?

இருக்கலாம். ஆண்களிடம் மனச்சோர்வு கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவது சகஜம். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குவார்கள். சாராயம் முதல் இரண்டு மணி நேரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். நாளாக நாளாக அதுவே சோர்வை ஆழமாக்கும். எது முதலில் வந்தது என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை. பல வருடம் தினமும் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. மருமகள் குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள். என்ன குறை அவளுக்கு?

குறை எதுவும் தேவையில்லை. பிரசவமான சில நாள்களில் காரணமில்லாத அழுகையும் சிடுசிடுப்பும் பலருக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணியும். அதற்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இவர்கள் வாயிலிருந்து வரும் வாக்கியம், "நான் நல்ல அம்மா இல்லை" என்பது. அதற்கு வீட்டில் நாலு பேர் ஆமாம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் ஒரு முறையாவது குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவளைத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்க விடுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. செர்ட்ராலின் அடிக்கடி எழுதப்படுவது. கர்ப்பமாக இருக்கும்போதும் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆனால் தாய் சம்பந்தமில்லாமல் பேசினால், காதில் குரல் கேட்கிறது என்றால், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால், அன்றைக்கே அழைத்துப் போங்கள். குழந்தையோடு அவளைத் தனியாக விடாதீர்கள்.

அப்பாவுக்கு 72 வயது. மறதி வந்துவிட்டது, யாரோடும் பேசுவதில்லை. வயதானால் அப்படித்தானே?

வயதின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். முதியவர்களின் மனச்சோர்வு மறதி நோய் போலவே தோற்றம் காட்டும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மறதி நோய்க்காரர் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி மழுப்புவார். மனச்சோர்வில் இருப்பவர் "தெரியவில்லை, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இது தோராயமான அடையாளம்தான், ஆனாலும் பல வீடுகளில் பொருந்தக் கண்டிருக்கிறேன்.

முதியவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும். திடீர்க் குழப்பம், தள்ளாட்டம் என்றால் உடனே பரிசோதிக்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றையும், இதயத்துக்கு ஆஸ்பிரினையும் இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடும். டிரமடால் என்ற வலி மருந்தும் இவற்றோடு ஒத்துப்போகாது. கடையில் கேட்டு வாங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, யாரிடம் போவது? சைக்யாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் என்று ஏதேதோ போர்டு தொங்குகிறது.

மனநல மருத்துவர் மருத்துவம் படித்து, அதன் மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். முறைப்படியான பேச்சுச் சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. ஆலோசகர் என்ற போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் வருத்தம். நல்லவர்களும் உண்டு, மூன்று நாள் பயிற்சி முடித்தவர்களும் உண்டு. உயிரை விடும் எண்ணம், சாப்பாடே இல்லாத நிலை, குரல் கேட்பது இவையெல்லாம் இருந்தால் நேரே மனநல மருத்துவர்தான்.

பணம் ஒரு தடை என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு குறிப்பிட்ட நாள்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறது. எந்தக் கிழமை என்று அங்கேயே விசாரிக்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இலவசச் சேவை. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு.

கீழ்ப்பாக்கத்துக்கா? ஊரில் தெரிந்தால் என்ன ஆவது?

சென்னையின் அந்த மனநல மருத்துவமனை 1794 ஆம் ஆண்டில் தொடங்கி, 1871 இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இத்தனை காலமாக எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பிய இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் முகம் தெரியாதிருக்க இரண்டு மாவட்டம் தாண்டிப் போவார்கள். அங்கே தங்கள் தெருக்காரரையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தவரும் உண்டு. 2015-16 இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் சுமார் இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. பெரிய தெரு என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவமனை உங்கள் அலுவலகத்துக்கு எழுதிப்போடாது. அதே சட்டம், உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பாலிசி எடுக்கும்போது உண்மையை மறைக்காதீர்கள், பின்னால் அதைக் காட்டியே மறுப்பார்கள்.

முதல் நாள் என்ன கேட்பார்கள்? எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, வேலை, குடி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்பார்கள். "சாகலாம் என்று தோன்றியதா?" என்றும் கேட்பார்கள், அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி, மிரள வேண்டாம். சொல்ல விருப்பமில்லாததை அடுத்த முறை சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. எப்போதாவது சில நாள்கள் தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கி, வேகமாகப் பேசி, கைக்கு வந்தபடி செலவு செய்து, பெரிய பெரிய திட்டம் போட்டதுண்டா? உண்டு என்றால் அது, சோர்வும் இந்த வேகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த வேகம் திரும்பிவிடக்கூடும். நோயாளிக்கு இது நினைவிருக்காது, அல்லது நல்ல காலம் என்று நினைத்திருப்பார். கூட வரும் மனைவியோ அண்ணனோ சொல்ல வேண்டும்.

இது தூக்க மாத்திரைதானே? பழகிவிடுமா?

பதினோரு ஆண்டுகளில் நான் அதிக முறை பதில் சொன்ன கேள்வி இதுதான். சீட்டில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிடின் போன்றவை மனச்சோர்வுக்கானவை. இவை போதை தருவதில்லை. நாளுக்கு நாள் கூடுதலாகக் கேட்கும் ஏக்கமும் வராது. குளோனாசிபாம், அல்பிரசோலம் போன்றவை பதற்றத்தையும் தூக்கமின்மையையும் உடனே தணிக்கச் சில வாரங்களுக்கு மட்டும் தருபவை. பழக்கமாகக்கூடியவை இவைதான். சோகம் என்னவென்றால், மக்கள் முதல் வகையைப் பயந்து நிறுத்திவிட்டு, உடனே சுகம் தந்த இரண்டாவது வகையைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். நேர் தலைகீழ். எது எது என்று மருந்து தருபவரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மருந்துகளின் முன்னோடி ஒன்று காசநோய் வார்டில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. ஐசோனியசிட் என்ற காசநோய் மாத்திரையின் உறவுக்கார மருந்து ஐப்ரோனியசிட். 1952 இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் அதைச் சாப்பிட்ட நோயாளிகள் படுக்கையிலிருந்து எழுந்து உற்சாகமாக நடமாடத் தொடங்கியதைக் கண்டுதான், மனச்சோர்வை மருந்தால் மாற்றலாம் என்ற யோசனை வலுப்பட்டது. ஐப்ரோனியசிட் ஈரலைக் கெடுத்ததால் பின்னர் கைவிடப்பட்டது. ஐசோனியசிட்டை இன்றும் காசநோய்க்குத் தருகிறார்கள்.

பத்து நாள் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, குமட்டல்தான் மிச்சம்.

வரிசை தப்பிய மருந்து என்று இவற்றை நான் சொல்வதுண்டு. தொல்லை முதல் வாரத்தில் வரும்; பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தலைகாட்டி, ஆறு முதல் எட்டு வாரத்தில் முழுமையாகும். பாராசிட்டமால் போல அரை மணியில் எதிர்பார்ப்பவர்கள் பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். குமட்டல், தலைவலி, ஒரு வகை அமைதியின்மை ஆகியவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். தாம்பத்திய ஆர்வம் குறைவது மட்டும் தொடரலாம். வெட்கப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்தது கேட்கலாம். முதல் மருந்திலேயே எல்லோரும் தேறுவதில்லை.

முன்னேற்றத்தை முதலில் கவனிப்பவர் நோயாளி இல்லை என்பதும் நான் கண்டது. "நேற்று தானாகக் குளித்தார்" என்று மனைவி வந்து சொல்வார். அவரோ "எனக்கு அப்படியேதான் இருக்கிறது" என்பார். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். திடீர்ப் பரபரப்பு தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் நன்றாகிவிட்டேன். நானே நிறுத்திவிட்டேன். தப்பா?

தப்பு என்று திட்ட மாட்டேன். நன்றாக இருக்கும்போது மாத்திரை விழுங்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் முதல் முறை வந்த நோய்க்கு, குணமான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்கிறார்கள். முன்கூட்டி நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், கெட்ட கனவு, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். இதை வைத்துக்கொண்டுதான் "பார்த்தீர்களா, அடிமையாகிவிட்டேன்" என்பார்கள். படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. நீங்கள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அதையே போய்ச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது புதிய செய்தியாக இருக்காது.

மாத்திரை வேண்டாம். பேசியே சரிசெய்ய முடியாதா?

லேசான, நடுத்தர மனச்சோர்வில் முடியும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. "யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்ற எண்ணத்தை எடுத்து வைத்து, அதற்குச் சாட்சி என்ன என்று பொறுமையாகக் குறுக்கு விசாரணை செய்வது போன்றது அது. வாரம் ஒரு முறை வீதம் சில மாதங்கள் ஆகும். கடுமையான நிலையில் மாத்திரையும் சேர்ந்தால்தான் நல்லது. பேசுவதற்கே தெம்பு இல்லாதவரிடம் குறுக்கு விசாரணை நடத்த முடியாது.

இன்னொரு எளிய முறை: மனம் வரட்டும் என்று காத்திராமல், சின்ன வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்வது. செடிக்குத் தண்ணீர், தெருமுனை வரை நடை. செய்த பிறகுதான் மனம் வரும். நடைப்பயிற்சி உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் "நடந்தால் சரியாகிவிடும், மாத்திரையை விடு" என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரை நம்பாதீர்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். அது போதாதா?

போங்கள். நம்பிக்கையும் நாலு மனிதரின் துணையும் நல்லவை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், யாரையும் கட்டிவைக்க விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில மூலிகைகள் மாத்திரையோடு மோதும்.

கரண்ட் வைப்பார்களாமே?

மின்னதிர்வுச் சிகிச்சை சினிமாவில் காட்டுவது போல இல்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யவே கூடாது என்பது சட்டம். மிகக் கடுமையான நிலையில், சாப்பாடு தண்ணீர் இறங்காதவருக்கும் தற்கொலை அபாயம் அதிகம் உள்ளவருக்கும் அது வேகமாகப் பலன் தருகிறது. சமீபத்திய நினைவுகள் சில மங்கலாம். மனச்சோர்வு என்று வரும் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

ஒரு கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. புது வீடு, புது மனிதர்கள், ஒளித்து ஒளித்து விழுங்கும் மாத்திரை. கடைசியில் மாத்திரையை நிறுத்துவார்கள். அதன் பலனை முன்பே சொல்லிவிட்டேன். முதலில் தேறட்டும். பிறகு, சொல்லிச் செய்யுங்கள்.

டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறார். மாத்திரையைத் தூள் செய்து காபியில் போடலாமா?

வேண்டாம். ஒரு நாள் தெரிந்துவிடும். அன்றைக்குப் பிறகு உங்கள் கையால் காபியும் குடிக்க மாட்டார். "உனக்கு மனநோய்" என்று தொடங்காமல், அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லையிலிருந்து தொடங்குங்கள். "தூக்கம் இல்லை என்கிறாயே, அதற்குப் பார்த்துவிட்டு வரலாம்." உடம்பு வலி பற்றிய கேள்வியில் சொன்னது இங்கே உதவும். பழக்கமான குடும்ப மருத்துவரிடம் முதலில் போகலாம். அவர் சொன்னால் கேட்பார்கள். இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் 14416 இல் பேசுங்கள். குடும்பத்தாரும் அழைக்கலாம்.

சாகத் தோன்றுகிறது என்கிறான் மகன். கேட்டால் இன்னும் தூண்டிவிட்டது போல் ஆகாதா? போலீஸ் கேஸ் ஆகுமா?

கேட்பதால் தூண்டப்படுவதில்லை. "உயிரை விடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டதும் தோள் இறங்கி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல். "அம்மா அப்பாவை நினைத்துப் பார்த்தாயா?" என்று உடனே வழக்குப் பேசாதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்வில் மூழ்கியிருப்பவன் அவன். தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லியையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். அந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிர் காக்கிறது. அவனுடைய மாத்திரையை வாரத்துக்கு மட்டும் வாங்கி, நீங்கள் வைத்துக் கொடுங்கள். திட்டம் இருக்கிறது என்று சொன்னால் உடனே அவசரப் பிரிவு, 108. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

வழக்கைப் பற்றி: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115 ஆம் பிரிவு. அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றும் சொல்கிறது. போலீஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிக்காதீர்கள்.

மறுபடியும் வருமா?

ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி வரலாம். இரண்டு மூன்று முறை வந்தவர்களை நீண்ட காலம் மாத்திரை தொடரச் சொல்வது அதனால்தான். ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு முதல் அடையாளம் உண்டு, தேறிய பிறகு அதை வீட்டாரோடு உட்கார்ந்து கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்த் தையல்காரர் ஒருவருக்கு அது, அளவெடுத்த துணியை வெட்டாமல் தள்ளிப்போடுவது. முதல் தடவை ஏழு மாதம் கழித்து, எலும்பும் தோலுமாக, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தடவை மேஜையில் வெட்டாத துணி மூன்று சேர்ந்ததும், தானே சைக்கிள் மிதித்து வந்து ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றார்.